ஈசலும் பாற்றயும்

போன வாரம் கொச்சி மட்டாஞ்சேரியில் முதல் மழை பெய்து ஓய்ந்ததும் ஈசல் வந்தது. உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கும். நம் வயதுப் பெண்கள் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். விளக்குகளை அணைத்தேன். கதவடியில் பழைய துண்டைச் சொருகினேன். குழம்பைத் தட்டுப் போட்டு மூடினேன். இருட்டில் உட்கார்ந்து, கைப்பேசி வெளிச்சத்தில் என் ஐந்து வயது மகளுக்குச் சோறு ஊட்டினேன். அந்த வெளிச்சத்துக்கும் இரண்டு வந்தன. ஒன்று தட்டில் விழுந்தது.

“அம்மா, இது எந்தா?”

வாயைத் திறந்தேன். அதற்கு எனக்கு இரண்டு பெயர் தெரியும். ஒன்று என் அம்மா சொல்வது, இன்னொன்று இந்த ஊர் சொல்வது. இரண்டும் வரவில்லை. “பூச்சி” என்றேன். அந்தக் கவளத்தை எடுத்து எறிந்தேன். பிறகு முழுத் தட்டையும் கொட்டினேன். பிறகு, கொட்டியிருக்க வேண்டாமோ, பிள்ளை பாதி வயிற்றோடு படுத்துவிட்டதே என்று யோசித்தேன். நீங்களும் இப்படித்தானா தெரியவில்லை. எனக்கு வேலை செய்து வருகிற களைப்பைவிட யோசித்து வருகிற களைப்பு அதிகம்.

இதை எழுதக் காரணம் அந்தத் தட்டு அல்ல. நாலாம் வகுப்பில் படிக்கும்போது நான் ஒரு சொல்லில் பாதியை மட்டும் சொன்னேன். அந்தப் பாதிச் சொல்லால் என் அம்மாவின் பெயர் இந்தத் தெருவில் கெட்டது. மீதிப் பாதியைச் சொல்லித் திருத்த எனக்கு வாய் இருந்தது. இருபத்தேழு வருடம் திருத்தவில்லை. இரண்டு மாதம் முன்பு ஒரு மருத்துவர் போகிற போக்கில் ஒன்று சொன்னார். அதற்குப் பிறகு, இதை அம்மாவிடம் சொல்லாமல் இருப்பது முன்பைவிடப் பெரிய தப்பாகிவிட்டது.

நான் படித்தது மலையாளத்தில். தமிழ் எழுத்து, அம்மா வாங்கிய பழைய வார இதழ்களைக் கூட்டிக் கூட்டிப் படித்து வந்தது. எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ஒரு சுக்குக் கிடங்கின் பின்சுவரை ஒட்டிய வரிசை வீட்டில் இருந்தோம். ஆறு அறை, ஆறு குடும்பம், ஒரு குழாய். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த அப்பா அந்தக் கிடங்கில் மூட்டை தூக்கினார். எங்கள் துணி, தலையணை, சோற்றுப்பானை எல்லாவற்றிலும் சுக்கு வாசனை இருக்கும். மழைக்காலத்தில் அதோடு ஈரச் சாக்கு வாசனையும் சேர்ந்துகொள்ளும். இப்போதும் தலைவலிக்கு யாராவது சுக்கு அரைத்துப் போட்டால் எனக்கு வலி போவதற்கு முன் அந்த அறை வந்துவிடும்.

அம்மா தெருமுனைச் சாயாக்கடைக்குப் பருப்பு வடை போட்டுக் கொடுத்தாள். கடைக்காரரை எல்லோரும் இக்கா என்பார்கள், நாங்களும். காலை பத்து மணிக்கு ஒரு ஈடு, மாலை நான்கு மணிக்கு ஒரு ஈடு. வாழையிலை போட்ட தூக்குப் பாத்திரத்தில் அம்மா கொண்டுபோவாள். கடை பெஞ்சில் இருக்கிறவர்கள், “இக்கா, தமிழத்தியுடெ வடை வந்நோ?” என்று கேட்பது தெரு பாதி தூரத்திலேயே கேட்கும். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் அம்மாவின் நடை கொஞ்சம் மாறும். இங்கே அவளுக்கு உறவு கிடையாது, பேச்சு சரியாக வராது, பேர் சொல்லிக் கூப்பிடுவாரும் இல்லை. இருந்த ஒரே பெயர் அந்த வடைதான்.

பள்ளிக்கூடம் திறப்பதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, மழை விட்டது. அம்மா வாசலில் நின்று தரையைப் பார்த்தாள்.

“ஏட்டி, அந்தக் குண்டாவ எடு. இன்னிக்கு ஈசல் வரும்.”

“ஒனக்கு எப்பிடிம்மா தெரியும்?”

“மண்ணு மூச்சு விடுதுல்லா. தெரியலியா?”

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆனால் கிடங்கு வாசலில் குழல்விளக்கு எரிந்த கொஞ்ச நேரத்தில் அவை வந்தன. முதலில் நாலைந்து, பிறகு விளக்கே தெரியாத அளவுக்கு. தெருப் பிள்ளைகள் “ஈயாம்பாற்ற! ஈயாம்பாற்ற!” என்று கத்திக்கொண்டு குதித்தார்கள். இந்த ஊரில் ஈசலுக்கு அதுதான் பெயர். எதிர்வீட்டில் விளக்கை அணைத்துக் கதவடியில் துணி வைத்தார்கள். அம்மா விளக்குக்கு நேர் கீழே தண்ணீர்க் குண்டாவை வைத்தாள். தண்ணீரில் தெரிந்த வெளிச்சத்தைப் பார்த்து ஈசல் சொரிந்து விழுந்தது.

அப்பாவுக்குக் கூச்சம். “ஏளா, இந்த ஊர்ல ஒருத்தரும் இதத் திங்க மாட்டாவ. வறுக்கும்போது கதவச் சாத்திக்கிடு.”

“இவுக கக்கான்னு சிப்பிய ஓட்டோட அவிச்சி உறிஞ்சித் திங்காவ. அதுக்குக் கதவச் சாத்துதாவளா? நான் எதுக்குச் சாத்தணும்?”

“சொன்னாக் கேப்பியா நீ?”

“திங்கும்போது மட்டும் வந்து மொத ஆளா ஒக்காருவியள்லா, அப்பம் பாத்துக்கிடுதேன்.”

துணியில் வடித்து, சாக்கில் பரப்பி, உள்ளங்கையால் தேய்த்தால் றெக்கை எல்லாம் கழன்று வந்துவிடும். முறத்தில் போட்டுப் புடைக்கும்போது றெக்கைகள் அறை முழுவதும் பறந்தன. எண்ணெய் வைத்த என் தலையில் ஒட்டின, அப்பாவின் சாயா கிளாசில் மிதந்தன. மறுநாள் காலையிலும் கூட்டிக்கொண்டிருந்தோம். அந்த முறம் இப்போது இல்லை. நல்ல மூங்கில் முறம், விளிம்பில் பனைநார் கட்டு. வீடு மாறியபோது எங்கே போனதென்று யாருக்கும் நினைவில்லை.

புடைத்ததை வெயிலில் காய வைத்துத்தான் வறுப்பார்கள். ஆனால் திங்கள்கிழமை வெயிலே இல்லை. ஈரத்தோடு வைத்தால் நாறிப்போகும். அதனால் அம்மா காலையிலேயே, வடைக்கு எண்ணெய் வைப்பதற்கு முன், இரும்புச் சட்டியில் போட்டு வறுக்க ஆரம்பித்தாள். எங்களிடம் ஒரே ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். நான் பக்கத்தில் உட்கார்ந்து புதுப் புத்தகங்களுக்குப் பழுப்புத்தாள் அட்டை போட்டுக்கொண்டிருந்தேன். முதலில் ஈர மண் வாசனை வந்தது. அப்புறம் படபடவென்று பொரிந்தது. அப்புறம் வேர்க்கடலையை நெய்யில் வறுத்த மாதிரி ஒரு மணம். அதை உங்களுக்கு வேறெப்படிச் சொல்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்பா வாசலில் நின்று கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “போதும்ளா, எறக்கு. எண்ண காயணும்லா. இக்கா பத்து மணிக்குக் காத்துக்கிட்டு நிப்பாரு.”

“இன்னும் ரெண்டு கிண்டு கிண்டிக்கிடுதேன்.”

“கருக்கிராத. எறக்குன்னா எறக்கு.”

அம்மா இறக்கினாள்.

உப்பு, மிளகாய்ப்பொடி, வறுத்த அரிசி, பொட்டுக்கடலை, பொடியாக நறுக்கிய கொப்பரை. எல்லாவற்றையும் முறத்தில் கொட்டிக் கலந்து, எனக்கு ஒரு தட்டில் வைத்தாள். “இங்கயே தின்னுட்டுப் போ. பள்ளிக்கூடத்துக்கெல்லாம் கொண்டு போவப்பிடாது, கேட்டியா?”

“சரிம்மா.”

அவள் வடை தட்டத் திரும்பினாள். நான் மிச்சம் இருந்த பழுப்புத்தாளில் இரண்டு கைப்பிடி போட்டு மடித்துப் பாவாடைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

யாருக்காக என்று சொல்ல வேண்டும். எதிர்வீட்டில் என் வயதுப் பெண் ஒருத்தி இருந்தாள். இங்கே தோழியைக் கூட்டுக்காரி என்பார்கள். எனக்கு இருந்த ஒரே கூட்டுக்காரி அவள். அவள் அம்மாவை நாங்கள் சேச்சி என்போம். சேச்சி ஜன்னலோரம் தையல் மெஷின் போட்டு ரவிக்கை தைப்பாள். கூட்டுக்காரிக்கு எல்லாம் பிடிக்கும், இறால் மட்டும் ஆகாது. இங்கே அது செம்மீன். தின்றால் உதடு வீங்கிச் சொறிய ஆரம்பிப்பாள். அந்த வீட்டில் செம்மீன் கறி வைக்கிற நாளில் அவளுக்கு மட்டும் முட்டை. தெருவே அவளைக் கேலி செய்யும். “கொச்சீல ஜனிச்சிட்டு செம்மீன் தின்னாத்தவள்!” அவளும் சிரிப்பாள். எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. எல்லோருக்கும் தெரிந்திருந்தும் அதை எதனோடும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தெரியவில்லை.

முதல் இடைவேளையில் தாளைப் பிரித்தேன்.

“எந்தா அதில்?”

“பொரி” என்றேன். பாதி உண்மை. வறுத்த அரிசி இருந்ததே.

“ஹாய், நல்ல ருசி! இனியுண்டோ?”

என்னைவிட அதிகமாக அவள்தான் தின்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. எங்கள் வீட்டுப் பண்டத்தை ஒருத்தி இன்னும் கேட்டு வாங்கித் தின்கிறாள் என்று.

இரண்டாம் பாடவேளையில் அவள் கழுத்தைச் சொறிந்தாள். காது சிவந்தது. உதடு ஒரு பக்கம் தடித்தது. பிறகு மூச்சு இழுக்கும்போது விசில் மாதிரி ஒரு சத்தம் வந்தது. டீச்சர் எழுந்து ஓடிவந்தார், யாரோ ஆட்டோ பிடித்தார்கள். தூக்கிக்கொண்டு போகும்போது அவள் என்னைப் பார்த்தாள். கையில் இருந்த காலித் தாளை நான் பெஞ்சுக்கு அடியில் திணித்தேன்.

மாலை சேச்சி ஆஸ்பத்திரியிலிருந்து நேராக எங்கள் வாசலுக்கு வந்தாள். சேலை முழங்கால் வரை நனைந்திருந்தது. குடையை மடக்கவில்லை. அம்மா பின்பக்கம் ஆட்டுக்கல்லில் பருப்பு அரைத்துக்கொண்டிருந்தாள். நான் மட்டும் வாசலில்.

“மோளே, பேடிக்கண்டா. டாக்டர் சோதிக்குன்னு. நீ அவள்க்கு எந்தா கொடுத்தே?”

பயப்படாதே, டாக்டர் கேட்கிறார் என்றுதான் தொடங்கினாள். எவ்வளவு மெதுவாகக் கேட்டாள் என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. என் பிள்ளை ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறும்போது இன்னொருத்தி பிள்ளையிடம் என்னால் அப்படிக் கேட்க முடியாது.

“பொரி.”

“வேறெ எந்தெங்கிலும்?”

ஈசல் என்றால் சேச்சிக்குப் புரியாது. முந்தின நாள் தெருவில் பிள்ளைகள் கத்திய சொல் எனக்குத் தெரியும். நீளமான சொல். பயத்தில் முன்பாதி நழுவிவிட்டது. வாலை மட்டும் பிடித்தேன்.

“பாற்ற.”

“பாற்றயோ?”

“வறுத்தது. அம்மா வறுத்தது.”

மலையாளம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஈயாம்பாற்ற என்றால் ஈசல். வெறும் பாற்ற என்றால் கரப்பான்பூச்சி. அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எங்கள் வீட்டில் அதற்குப் பாச்சை என்று பெயர்.

சேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். அதற்குள் அம்மா கை நிறைய மாவோடு வந்துவிட்டாள். அம்மாவின் மலையாளம் கடையில் பருப்பு வாங்கும் அளவுக்குத்தான்.

“இவள் பறயுன்னது நேரோ? நிங்ஙள் அது வறுத்தோ?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தின்னாமல் எடுத்துப்போனது, சொல் கேட்காதது, எல்லாம் அந்த ஒரு பார்வையில் அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு சேச்சி பக்கம் திரும்பினாள்.

“ஆமா, நேருதான் சேச்சி. நான்தான் வறுத்தேன். சரியா வேகலையோ என்னவோ. எம் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு எம்மேலதான்.”

சேச்சி கேட்டது கரப்பானை. அம்மா ஒப்புக்கொண்டது ஈசலை. இடையில் நான் நின்றேன். ஆறு அறையிலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

கூட்டுக்காரி இரண்டு நாளில் வீடு திரும்பினாள். முகம் பழையபடி இருந்தது. ஆனால் அவர்கள் வாசல் எனக்குச் சாத்தியே இருந்தது. பள்ளிக்கூடத்தில், என் புது நோட்டின் மேல் பேர் எழுதுகிற இடத்தில், யாரோ ஆறு காலும் இரண்டு நீள மீசையும் வரைந்து வைத்திருந்தார்கள். “பாண்டிக்காரு பாற்ற தின்னும்!” என்று தமிழர்களைக் கேலி செய்து ஒருவன் பாட, வரிசையாக எல்லோரும் பாடினார்கள். அந்த மீசையைப் பார்த்த நிமிடத்தில்தான் நான் என்ன சொல்லிவிட்டேன் என்று எனக்குப் புரிந்தது.

முன்னால் “ஈயாம்” என்று சேர்த்துச் சொன்னால் போதும். முகம் சுளிப்பார்கள், சிரிப்பார்கள், அவ்வளவுதான். ஈசல் வானத்திலிருந்து விளக்குக்கு வருகிறது. கரப்பான் சாக்கடையிலிருந்து வடைக்கு வருகிறது. எனக்கு அந்த வித்தியாசம் தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. அம்மா அந்தப் பழுப்புத்தாளைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. பேச்சைத் திறந்தால் தாளும் வெளியே வரும் என்று பயந்தேன். ஒன்பது வயதுப் பயம். அதற்கு இவ்வளவு ஆயுள் இருக்கும் என்று அப்போது தெரியாது.

பேச்சு சாயாக்கடைக்குப் போக ஒரு நாள்கூட ஆகவில்லை. மாலை ஈட்டுக்கு நானும் அம்மாவோடு போவேன்.

“இக்கா, இன்னத்தெ வடைக்கு மீசையுண்டோ?” என்றான் பெஞ்சில் ஒருவன்.

“நினக்கில்லாத்த மீச வடைக்கெந்தினாடா? தின்னிட்டுப் போ” என்றார் இக்கா.

கடை முழுக்கச் சிரித்தது. ஆனால் கேட்டவன் வடையைத் தொடவில்லை. இக்கா ஒரு வாரம் இப்படியே சிரிக்க வைத்துத் தாக்குப் பிடித்தார். தூக்கில் போன வடை தூக்கிலேயே திரும்பி வந்தது. வீட்டில் மூன்று வேளையும் வடை. கடைசியில் ஒருநாள் அவர் கடை வாசலுக்கே வந்து நின்றார்.

“பெங்ஙளே, கொறச்சு திவசம் நிறுத்தாம். ஆளுகள் மறக்கட்டெ.”

சொல்லிக்கொண்டே தூக்கிலிருந்து இரண்டு வடையை எடுத்து, தெருவே பார்க்க, ஒவ்வொன்றாக மென்று தின்றார். கேலி செய்கிறார் என்று நினைத்து நான் அவரை வெறுத்தேன். பத்து வருடம் அந்தக் கடையைக் கடக்கும்போது எதிர்ப்பக்கம் நடந்தேன். அவர் எங்களுக்காகத்தான் தின்றார் என்று புரிந்தபோது கடையும் இல்லை, அவரும் இல்லை.

கொஞ்ச நாள் நிறுத்தலாம் தங்கச்சி என்றுதான் அவர் சொன்னார். அந்தக் கொஞ்ச நாள் முடியவே இல்லை. அம்மா அப்பாவின் கிடங்கிலேயே சுக்கு சுரண்டப் போனாள். தரையில் உட்கார்ந்து, தூசி நடுவில், நாள் முழுக்க. விரல் எரியும், மாலையில் இருமுவாள். ஊரிலிருந்து கொண்டுவந்த இரும்புச் சட்டியைச் சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்தாள். பிறகு பழைய இரும்புக்காரனிடம் போட்டு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி வாங்கினாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஈசல் வறுக்கவில்லை. முதல் மழைக்கு நாங்களும் விளக்கை அணைத்தோம்.

இன்னொன்றும் மாறியது. அப்போது நாங்கள் கவனிக்கவில்லை. அம்மா எதை வறுத்தாலும் கருகியது. ரவை, உளுந்து, கடலை, சேமியா, எல்லாம் ஒரு பதம் தாண்டித்தான் இறங்கும். “ஏளா, இது உப்புமாவா கரியா?” என்பார் அப்பா. நாங்களும் சிரிப்போம். கல்யாணத்துக்குப் பிறகு என் கணவர் வீட்டார், “உங்கம்மா கைக்குக் கொஞ்சம் கருக்கல் வாசனை” என்றபோது, நானும் சேர்ந்து சிரித்தேன். பருப்பைக் கண்ணால் பார்த்தே பதம் சொல்லி வடை தட்டியவள் எப்படித் தீயின் கணக்கை மறந்தாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இனி மருத்துவர். என் கணவருக்கு வெலிங்டன் தீவில் ஒரு கிடங்கு அலுவலகத்தில் வேலை. அங்கே ஒரு விருந்தில் மகள் முதல்முறையாக நாலு செம்மீன் தின்றாள். அரை மணி நேரத்தில் அவள் உதடு ஒரு பக்கம் தடித்தது. எனக்கு அந்த உதட்டைத் தெரியும். தேவராவில் இருக்கிற குழந்தை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஊசி போட்டு, உட்கார வைத்து, இரண்டு மணி நேரத்தில் அடங்கியது. நான் கைப்பேசியில் எழுதிக்கொள்ள, டாக்டரம்மா கூடாத பண்டங்களைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

“செம்மீன், ஞண்டு ரெண்டும் இனி வேண்டா. பின்னெ, இப்போ சிலர் பூச்சியொக்கெ வறுத்து தின்னுன்னுண்டல்லோ, அதும் வேண்டா. செம்மீன் பற்றாத்தவர்க்கு அதும் பற்றாதெ வராம்.”

செம்மீன் ஆகாதவர்களுக்குப் பூச்சியும் ஆகாமல் போகலாம் என்கிறார். என் விரல் நின்றது. “ஈயாம்பாற்றயோ, டாக்டர்?” அந்தச் சொல்லை முழுசாக நான் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவர் சிரித்தார். “அதும் ஆ கூட்டத்தில் தன்னெ.”

“நன்னாயி வறுத்தாலோ?”

“எத்ர வறுத்தாலும் காரியமில்ல. வேவாத்ததல்ல ப்ரஷ்னம்.”

இன்னொரு தடவை கேட்டேன். எவ்வளவு வறுத்தாலும் மாறாது, வேகாததல்ல பிரச்சினை என்று அவர் இன்னொரு தடவையும் சொன்னார். என் கணவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அன்றைக்கே அம்மாவிடம் ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. மறந்திருப்பாள், எதற்குக் கிளற வேண்டும் என்று ஒரு நாள் நினைத்தேன். என் பாரத்தை இறக்கத்தானே போகிறேன், அவளுக்காகவா என்று இன்னொரு நாள். பிள்ளைக்குச் சளி, அப்புறம் பள்ளிக்கூடம், அப்புறம் சீருடை. இப்படியே இரண்டு மாதம் போனது. பிறகு ஈசல் வந்தது, என் மகள் கேட்டாள், நான் பூச்சி என்றேன். மறுநாள் அவளைப் பள்ளியில் விட்டுவிட்டு நேராகப் போனேன்.

அப்பா போய் ஐந்து வருடம் ஆகிறது. அம்மா இப்போதும் அந்தத் தெருவில்தான், ஒரு மாடி அறையில். சுக்குக் கிடங்கு இப்போது காபி குடிக்கிற இடம். கரையான் அரித்த உத்திரங்களுக்கு வார்னிஷ் அடித்து, விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள்.

அம்மா அடுப்பில் ரவை வறுத்துக்கொண்டிருந்தாள்.

“வா. முகம் ஏன் இப்பிடிக் கெடக்கு? சாப்பிட்டியா?”

“அம்மா, ஒண்ணு சொல்லணும். நான் நாலாம் கிளாஸ் படிக்கும்போது, அந்தச் சேச்சி வந்து கேட்டாள்லா. நான் ஈயாம்பாற்றன்னு சொல்லணும். பாற்றன்னு சொல்லிட்டேன். பாற்றன்னா கரப்பான்.”

கரண்டி நிற்கவில்லை. “தெரியும்.”

“தெரியுமா?”

“இக்கா மறுநாளே சொன்னாரு. மோள் சொன்ன சொல்லு மாறிப்போச்சு, நீங்க போயி திருத்திச் சொல்லுங்கன்னு. ரெண்டு மூணு வாட்டி சொன்னாரு பாவம். நீங்களும் யாருகிட்டயும் சொல்லாண்டாம்னு நாந்தான் தடுத்துட்டேன்.”

“பின்ன ஏம்மா சொல்லல?”

“என்னத்தட்டி சொல்லச் சொல்லுத? கரப்பான் இல்ல தாயி, ஈசலத்தான் வேகாமக் குடுத்தேன்னா? அந்தப் புள்ள மூச்சு முட்டிக் கெடந்துச்சு. எந்தப் பூச்சின்னு போயி நான் வழக்குப் பேசவா? வேகாததக் குடுத்தது நான். வடைக்கு நேரமாச்சேன்னு எறக்குனது நான். உங்கப்பா சொன்னாருன்னா, எங்கைக்குத் தெரியாண்டாமா?”

இருபத்தேழு வருடமாக நான் சுமந்த சொல் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை. அவள் சுமந்தது வேறு. அது இவ்வளவு கனம் என்று எனக்குத் தெரியாது.

“அம்மா, அது வேகாததனால இல்ல.”

“என்ன?”

“அவளுக்குச் செம்மீன் ஆகாதுல்லா. செம்மீன் ஆகாதவங்களுக்கு ஈசலும் ஆகாமப் போகுமாம். எவ்வளவு வறுத்தாலும் அது மாறாதாம். நீ அன்னிக்குக் கருக்கியிருந்தாலும் அவளுக்கு அப்பிடித்தான் வந்திருக்கும்.”

கரண்டி நின்றது.

“எவ்வளவு வறுத்தாலுமா?”

“எவ்வளவு வறுத்தாலும்.”

“யாரு சொன்னா?”

“தேவரா டாக்டரம்மா.”

“நீ நல்லாக் கேட்டியா? ஒனக்கு எல்லாத்துக்கும் சந்தேகம் வருமே.”

“ரெண்டு தடவ கேட்டேன்.”

அம்மா ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கிருந்து தெரிகிற சேச்சியின் பழைய வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். சேச்சி குடும்பம் எப்போதோ தோப்பும்படிக்குப் போய்விட்டது, கூட்டுக்காரி வளைகுடாவில் எங்கோ இருக்கிறாள் என்று கேள்வி.

“அப்பம் அந்த ரெண்டு கிண்டு…” என்றாள்.

நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. மன்னிப்புக் கேட்க வேண்டுமோ, தோளைத் தொட வேண்டுமோ. தொட்டால் அழுவாளோ, அழுதால் மூச்சு வாங்குமோ. இப்படி நான் யோசித்துக்கொண்டு நின்றபோதே அவள் சட்டிக்குள் குனிந்து பார்த்தாள். ரவை இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. அடுப்பை அணைத்தாள்.

“போதும்ல?”

பச்சை வாசனை போகவில்லை. இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். எனக்குத் தெரியும்.

“போதும்மா” என்றேன்.

உப்புமா பசை மாதிரி இருந்தது. இரண்டு பேரும் தட்டை வழித்துச் சாப்பிட்டோம்.